ஏ380 முதல் 787 வரை: பாம்பன் மெக்கானிக்கின் ஆட்டக் கணக்கு

விமானத்தில் சாப்பாடு எப்படி, எத்தனை படம் போட்டான், கால் நீட்ட இடம் உண்டா என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒன்றே ஒன்று: எந்த விமானம் எப்படி ஆடியது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. பாம்பனில் முப்பத்தைந்து வருடமாக விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். பிரித்து மாட்டிக் கொடுத்தால் மட்டும் வேலை முடியாது. "வாங்கண்ணே, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துருவோம்" என்று டிரைவர் கூப்பிடுவான். கடலுக்குள் போய், ஆட்டத்தில் இன்ஜின் எப்படி மூச்சு விடுகிறது என்று கேட்டுவிட்டு வந்தால்தான் கூலி. வடகடலும் பழக்கம், தென்கடலும் பழக்கம். எங்கள் பக்கம் வடகடலைப் பெண்கடல் என்பார்கள், தென்கடலை ஆண்கடல் என்பார்கள். ஏன் என்று ஜூலை மாதம் தென்கடல் கரையில், குந்துகாலில் போய் நின்று பார்த்தால் புரியும்.

மகள் டொராண்டோவில் இருக்கிறாள். மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கிடக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் எங்களுக்குச் சம்பாத்தியம், அதை விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் படகுகள் கடலுக்குப் போன பிறகு, 2024 ஜூன் கடைசியில் நானும் வீட்டுக்காரியும் கிளம்பி, டிசம்பரில் திரும்பினோம். போகும்போது வளைகுடாவில் ஓர் ஊரில் மாறினோம், வரும்போது ஐரோப்பாவில் ஓர் ஊரில் மாறினோம். ஆக நான்கு விமானம். கம்பெனிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆட்டம் கம்பெனியைப் பார்த்து வருவதில்லை.

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதுதான் அந்தச் செய்தி. மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் போயிங் 777 விமானம், மியான்மரின் ஐராவதிப் படுகைக்கு மேலே ஏறத்தாழ 37,000 அடியில் பலமாக ஆடி, ஒரு பயணி இறந்து, பலருக்கு அடிபட்டு, பாங்காக்கில் இறங்கியது. எங்கள் டீக்கடையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. "கூரையில போய் முட்டிட்டாங்களாம்ணே. நீங்க போகத்தான் வேணுமா?" என்றார்கள். கடலில் கால் நனைக்காத ஆளெல்லாம்கூடப் புத்தி சொன்னான்.

மாப்பிள்ளை விசாரணைக்காரர்களின் முதல் அறிக்கையைப் படித்து விவரம் சொன்னார். அந்த விமானம் கீழே விழுந்தது வெறும் 178 அடி. ராமேஸ்வரம் டிவி கோபுரம் 323 மீட்டர். அதில் ஆறில் ஒரு பங்கு. நாம் ஆயிரக்கணக்கான அடி என்று நினைக்கிறோம், இல்லை. ஆனால் அந்த 178 அடியும் ஐந்து நொடிக்குள் நடந்து முடிந்தது. அதிலும் முதல் முக்கால் நொடிக்குள் உட்கார்ந்திருந்தவர்களின் எடை இல்லாமல் போய், அதற்கும் மேலே போய், தலைகீழாகத் திரும்பிவிட்டது. பெல்ட் போடாதவர்கள் மேலே போனார்கள். அடுத்த நான்கு நொடிக்குள் விமானம் மறுபடி தாங்கிப் பிடித்தது, போனவர்கள் கீழே வந்து விழுந்தார்கள். எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. அலை பத்தடி என்பது படகில் ஒருவனை ஒன்றும் செய்யாது. அலையின் முதுகிலிருந்து படகு சட்டென்று நழுவும் பார், அப்போது கையில் பிடி இல்லாதவன் கதை முடிந்தது. சரி, நமக்குப் பிடி என்பது பெல்ட் என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன்.

முதல் விமானம், சென்னையிலிருந்து வளைகுடாவுக்கு, 777-300ஈஆர். நான்கு மணி நேரத்துக்குச் சொச்சம். மாப்பிள்ளை எவ்வளவு சொல்லியும் கேட்காமல், கழிவறைக்குப் பக்கம் வேண்டும் என்று வீட்டுக்காரி கடைசிக்கு முந்தின வரிசையைப் பிடிக்கச் சொல்லியிருந்தாள். அந்த விமானம் 74 மீட்டர் நீளம். ஜூன் மாதம், மேற்குத்தொடர்ச்சி மலையைத் தாண்டி அரபிக்கடல் முழுக்கப் பருவமழை மேகம். மேகத்துக்குள் புகுந்ததும் ஆட்டம் ஆரம்பித்தது.

நான் எதிர்பார்த்தது தூக்கிப்போடுவதை. வந்தது வேறு. முன்னால் பார்த்தால் நீளமான அந்தக் குழாய் முழுவதும் லேசாக நெளிகிறது. கடைசியில் இருக்கும் எங்களை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை இழுத்து விடுகிறது. மீனின் தலையைக் கையில் பிடித்தால் வால் அடிக்குமே, அந்த வாலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. மேலும் கீழும் வரும் அடியை உடம்பு சமாளித்துவிடும். இந்தப் பக்கவாட்டு இழுப்பு இருக்கிறதே, அது வயிற்றில் போய்ப் பேசும். பக்கத்தில் இருந்த பையன் பையை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டான். வீட்டுக்காரி ஜெபமாலையை எடுத்தாள்.

அப்போது இன்ஜின் சத்தம் குறைந்தது. எல்லோருக்கும் கேட்டிருக்கும், ஆனால் எனக்குக் கேட்ட மாதிரி கேட்டிருக்காது. "என்னங்க, நின்னுருச்சா?" என்றாள். "நிக்கல. கொறைச்சிருக்கான்." எதிரலையில் ஏறும்போது நம் டிரைவர் ஆக்சிலேட்டரைக் குறைப்பதைப் போலத்தான். ஆட்டத்தில் முழு வேகத்தில் போனால் அடி பலமாக விழும். அதற்காகவே ஒவ்வொரு விமானத்துக்கும் ஆட்டத்தில் போக வேண்டிய வேகம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அந்த வேகத்துக்கு இறக்கிக்கொள்கிறார்கள். இதை அறிவிப்பில் ஒரு வரி சொன்னால் பாதிப்பேர் நிம்மதியாக இருப்பார்கள். நான்கு விமானத்தில் ஒருவரும் சொல்லவில்லை. "லேசான ஆட்டம்" என்று மட்டும் சொன்னார்கள்.

இரண்டாவது விமானம்தான் இந்தக் கணக்கின் நாயகன். ஏர்பஸ் ஏ380. வாசலில் நின்று பார்த்தபோது இது எப்படி மேலே போகும் என்றுதான் தோன்றியது. முழுச் சுமையில் 575 டன் வரை, இறக்கை முனைக்கு முனை ஏறத்தாழ 80 மீட்டர், இரண்டு மாடி. கீழ்மாடியில் இறக்கையை ஒட்டிய ஜன்னல் கிடைத்தது. பதினாலு மணி நேரப் பயணம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற இன்ஜின் மேல் ஒரு காசைச் செங்குத்தாக நிறுத்துவோம். நின்றால் வேலை சுத்தம். பழைய தடிமனான ஐந்து ரூபாய்க் காசு ஒன்று சட்டைப்பையில் இருந்தது. சாப்பாட்டுப் பலகையில் நிறுத்தினேன். நின்றது. காபி குடித்து முடிக்கும் வரை நின்றது. பக்கத்துச் சீட் கனடாக்காரர் ஒருவர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஆட்டம் வராமல் இல்லை. திரையில் வரைபடம் கிரீன்லாந்தைக் காட்டிய நேரத்தில் வந்தது. கடலடியில் பார், அதாவது பாறைத்திட்டு, இருக்கும் இடத்தில் மேலே தண்ணீர் கொந்தளிக்கும், காற்றே இல்லாவிட்டாலும். அதைப் போலத்தான், கிரீன்லாந்தின் மலைகள் மேல் அடிக்கிற காற்று மேலே எழும்பி அலை அலையாகப் போகிறது. விமானம் அந்த அலைமேல் ஏறி இறங்குகிறது. ஏ380 அதை எடுத்துக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. தட்டவில்லை, நெளியவில்லை. மெதுவாக ஏறியது, ஒரு யோசனை செய்தது, மெதுவாக இறங்கியது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில் நேரம் இருந்தது. தூத்துக்குடி துறைமுகத்தில் நான் ஒருமுறை ஏறிய சரக்குக் கப்பலின் நடை அப்படியே. காசு விழுந்தது உண்மை, ஆனால் தம்ளரில் இருந்த தண்ணீர் விளிம்பைத் தொடவில்லை.

திரையில் உயரம் 38,000 அடி என்று இருந்தது. வயிறு "நூறு அடி போச்சு" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைப் பார்த்தேன். அசையவே இல்லை. திரை நொடிக்கு நொடி மாறுவதில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் சாதாரண ஆட்டத்தில் விமானம் ஏறி இறங்குவது சில அடி, மிஞ்சினால் சில பத்தடி என்பதுதான் நிஜம். நம் வயிறு பொய் சொல்லும் சாட்சி.

இறங்கியதும் மாப்பிள்ளையிடம், "777 ஆட்டம், ஏ380 கப்பல்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவர் சிவில் இன்ஜினியர். சாப்பாட்டு மேசையிலேயே கணக்குப் போட்டார். இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் எவ்வளவு எடையைத் தூக்குகிறதோ, அவ்வளவுக்குக் காற்றின் தட்டு குறைவாகத் தெரியுமாம். மதுரையிலிருந்து சென்னை போகும் ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானம் 23 டன், இறக்கை 61 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 375 கிலோ சொச்சம். (அதில் ஒருமுறை மழை மேகத்துக்குள் போய், என் முன்சீட்டுக்காரரின் கண்ணாடி என் மடியில் வந்து விழுந்தது.) ஏ380க்கு 680 கிலோ. 777-300ஈஆருக்கு 800 கிலோ. "அப்படிப் பார்த்தா மாமா, 777தான் கொறைவா ஆடணும்" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு யோசித்தேன். ஒன்றில் வாலில் உட்கார்ந்தேன், இன்னொன்றில் இறக்கைக்குப் பக்கம் உட்கார்ந்தேன். ஒன்று பருவமழை மேகம், இன்னொன்று தெளிந்த வானம். விமானம் எடை நிற்கும் புள்ளியைச் சுற்றித்தான் ஆடுகிறது, அந்தப் புள்ளி இறக்கைக்குப் பக்கம் இருக்கிறது. அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோமோ அவ்வளவு வீச்சு. படகிலும் அதேதான், முன்முனையில், அணியத்தில் இருப்பவன் பறப்பான், நடுவில் இன்ஜின் பெட்டிமேல் உட்காருபவன் டீ குடிப்பான். நான் டீ குடிக்கிற இடத்தை விட்டுவிட்டு வாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆகவே 777 மேல் சொன்னதில் பாதியை என் சீட்டின் கணக்கில் எழுதிக்கொள்ளவும்.

டிசம்பரில் திரும்பும்போது இரண்டு விமானமும் போயிங் 787. இந்த முறை இறக்கையை ஒட்டிய ஜன்னல் என்று முன்கூட்டியே சொல்லி வாங்கிவிட்டேன்.

குளிர்காலத்தில் அட்லாண்டிக்குக்கு மேலே, விமானம் போகும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஆறாக ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். எனக்கு அது மேலே அடிக்கிற கச்சான், எங்கள் பக்கத்து மேற்குக் காற்று. கனடா போகும்போது எதிர்க்காற்று என்பதால் விமானங்கள் அதை ஒதுக்கிச் சுற்றிப் போகும். வரும்போது அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். அதனால் திரும்பும் பயணம் நேரம் குறைவு. ஆனால் அந்த ஆற்றின் ஓரம்தான் தொல்லை. வேகமாக ஓடும் காற்றும் மெதுவான காற்றும் உரசும் இடத்தில் சுழி விழுகிறது. மேகம் இருக்காது, மழை இருக்காது, நட்சத்திரம் பளிச்சென்று தெரியும், விமானம் ஆடும். விமான ரேடார் மழைத்துளியைத்தான் பார்க்கும், வெறும் காற்றைப் பார்க்காது. முன்னால் போன விமானம் சொன்னால்தான் பின்னால் வருபவனுக்குத் தெரியும். நம் படகுகள் வயர்லெஸ்ஸில் "இந்தப் பக்கம் நீரோட்டம் சரியில்ல" என்று சொல்லிக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகக்காரர்கள் 2023இல் சொன்ன கணக்குப்படி, வட அட்லாண்டிக்கில் இந்த மாதிரி தெளிந்த வானத்துப் பலத்த ஆட்டம் 1979க்கும் 2020க்கும் இடையில் 55 சதவீதம் கூடியிருக்கிறது. பூமி சூடாகச் சூடாக அந்த உரசல் கூடுகிறதாம்.

பாம்பன் கால்வாயில் வடகடல் நீரும் தென்கடல் நீரும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் காற்றே இல்லாமல் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கால்வாயில் சுழியைக் கண்ணால் பார்க்கலாம். கடலில் அலை வருவதைப் பார்த்து, காலை அகட்டி, கயிற்றைப் பிடித்து, உடம்பு தயாராகிவிடும். விமானத்தில் அந்த ஒரு நொடி நமக்குக் கிடைப்பதில்லை. நான்கு விமானம் ஏறி எனக்குத் தெரிந்தது இதுதான்: பெரிய விமானத்தில் பயமுறுத்துவது ஆட்டத்தின் அளவு இல்லை. வருகிற அலையைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருப்பதுதான்.

787இல் எனக்கு அந்த ஒரு நொடி கிடைத்தது. இறக்கை வழியாக.

தரையில் நிற்கும்போது நேராக இருந்த இறக்கை, மேலே போனதும் வில் போல வளைந்து நின்றது. ஆட்டம் வரும்போது முனைதான் முதலில் மேலே போகும், பிறகு நமக்கு வரும். இரண்டு மூன்று தடவையில் எனக்குப் பழகிவிட்டது. முனை நிமிர்ந்ததும் கை தானாகத் தம்ளரைப் பிடித்தது. இந்த விமானத்தின் எடையில் பாதி கரிநாரால் ஆனது, நம் பாஷையில் ஃபைபர் விமானம். இதைக் கேட்டதும் முதலில் மனதுக்கு ஒப்பவில்லை. ஃபைபர் படகு எப்படி என்று நமக்குத் தெரியும். எடை இல்லாததால் அலைக்கு அலை பட்டு பட்டென்று தட்டும், இடுப்பு விட்டுப்போகும். மரப்படகு அடியை வாங்கிக்கொள்ளும். இங்கே கதை தலைகீழ். ஃபைபர் இறக்கை வளைந்து கொடுத்து அடியைத் தானே வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத்தான் உள்ளே அனுப்புகிறது. போதாததற்கு, காற்றின் தட்டை உணர்ந்து இறக்கையின் பின்விளிம்புப் பலகைகளைத் தானே அசைத்து அடியைக் குறைக்கும் ஏற்பாடும் உண்டு. அந்தப் பலகைகள் விடாமல் துடிப்பதை ஜன்னல் வழியே பார்த்தேன். நல்ல டிரைவர் சுக்கானைச் சும்மா சும்மா அசைத்துக்கொண்டே இருப்பானே, அப்படி.

இவ்வளவு வளைந்தால் ஒடியாதா என்று வீட்டுக்காரி கேட்டாள். நியாயமான கேள்வி. பறப்பில் வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கை இறக்கை தாங்க வேண்டும் என்பது விதி. 2010இல் 787 இறக்கையை அப்படி இழுத்துச் சோதித்தபோது முனை ஏறத்தாழ 25 அடி மேலே வளைந்தது, ஒடியவில்லை. 1995இல் 777 இறக்கையை ஒடியும் வரை இழுத்துப் பார்த்தார்கள், 154 சதவீதத்தில்தான் ஒடிந்தது. நான் 25 அடி என்றதும் அவள் ஜன்னலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். சில விவரங்களை வீட்டுக்கு வந்த பிறகு சொல்லியிருக்கலாம்.

இருந்தாலும் 787 கப்பல் இல்லை. 787-9 என்றால் 254 டன்தான், ஏ380இல் பாதிகூட இல்லை. ஆட்டத்தின் முனையை மழுக்கித் தருகிறது, ஆனால் அடிக்கடி தருகிறது. காசு ஒரு நிமிடம் நிற்கவில்லை. சின்னச் சின்ன நடுக்கம் விடாமல் இருந்துகொண்டே இருக்கும், மண் ரோட்டில் நல்ல ஷாக் அப்சார்பர் போட்ட வண்டி போல. ஏ380 தார் ரோட்டில் போகும் மாட்டு வண்டி.

இரண்டு குறை. 787 ஜன்னலுக்குத் திரை கிடையாது, கண்ணாடியே கறுத்துக்கொள்ளும், அதைப் பணியாளர்கள் மொத்தமாகக் கட்டுப்படுத்த முடியும். இரண்டாவது 787இல் நல்ல பகல் வெளிச்சத்தில் எல்லாரும் தூங்கட்டும் என்று கறுப்பாக்கிவிட்டார்கள். அடிவானம் போச்சு, இறக்கை போச்சு. படகில் குமட்டினால் தூரத்துக் கரையைப் பார் என்போம். கண்ணும் காதுக்குள் இருக்கும் சமநிலையும் ஒரே செய்தி சொன்னால்தான் வயிறு சும்மா இருக்கும். இருட்டில் எதைப் பார்ப்பது? கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தார்கள்.

இன்னொன்று, நான்கு விமானத்தில் எதில் என்று சொல்லமாட்டேன். பெல்ட் விளக்கு எரிகிறது, ஆட்டம் நன்றாக இருக்கிறது, அப்போது டீ ஊற்றிக்கொண்டு வந்தார்கள். கொதிக்கிற டீ. என் சட்டையில் பாதி, தொடையில் பாதி. துடைக்கத் தாள் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள், ஆனால் அடுத்த வரிசைக்கும் ஊற்றினார்கள். மே மாத விபத்துக்கு அப்புறம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானம் மட்டுமல்ல, சாப்பாடு பரிமாறுவதையே நிறுத்தியது. மற்றவர்களும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். தொடையில் தடம் இன்னும் இருக்கிறது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. விளக்கு ஒருமுறை எரிந்தால் எப்போது அணையும் என்று சொல்ல முடியாது. எங்களுக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் அணையவே இல்லை. ஆட்டம் இல்லாத நேரத்தில் ஒருமுறை கழிவறைக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள், வருகிறதா என்று யோசிக்க வேண்டாம். உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும், விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும், பெல்ட் இடுப்பில் இருக்கட்டும். போர்வைக்கு வெளியே தெரிகிற மாதிரி போட்டால் நடு ராத்திரியில் எழுப்பமாட்டார்கள்.

மார்க் போட வேண்டுமென்றால் ஏ380க்குப் பத்துக்கு ஒன்பது. 787க்கு ஏழரை, ஜன்னலைத் திறந்துவிட்டால் எட்டரை. 777க்கு மார்க் போட எனக்கு உரிமை இல்லை, இறக்கைக்குப் பக்கம் உட்கார்ந்து ஒருமுறை போனால்தான் நியாயம். வருத்தம் என்னவென்றால் ஏ380 கட்டுவதை 2021இல் நிறுத்திவிட்டார்கள். இருப்பது ஓடும் வரைதான்.

வீட்டுக்காரி கிரீன்லாந்துக்கு மேலே ஓரியூர் அருளானந்தருக்கு நேர்ந்துகொண்டாளாம். ஜனவரியில் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த முறைக்கு 787, இறக்கை ஜன்னல், பகல் விமானம் என்று நான் சொல்கிறேன். இறக்கை கண்ணில் படவே கூடாது, ஏ380தான், அதுவும் நடுச்சீட்டுதான் என்று அவள் சொல்கிறாள். மகள் இரண்டையும் கேட்டுக்கொண்டு இன்னும் டிக்கெட் போடாமல் இருக்கிறாள்.